கூடாரமும் உறவினர் வீடும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் கோடை பிறந்ததும் இந்தப் பழமொழியை அக்ஷரம் பிசகாமல் அநுஷ்டித்துக் காட்டும் தம்பதிகளை அந்த தேசத்துச் சாலைகளில் காணலாம். மோட்டார் வண்டியின் பின்புறத்தில் ஒரு கூடாரம், இரண்டு படுக்கைச் சுருள்கள், ஒரு சிறு அடுப்பு, ஓர் ஐஸ் பெட்டி ஆகியவற்றை அடுக்கிக்கொண்டு கணவனும் மனைவியுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். கிழக்கே அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலிருந்து மேற்கே பசிபிக் சமுத்திரக் கரை வரையில் பிரயாணம். வழியில் தங்கை வீட்டில் இரண்டு நாள். பிறகு ஏரிக்கரையில் கூடாரம். மாமா வீட்டில் ஒரு நாள். பிறகு மலையடிவாரத்தில் கூடாரம். கடைசியில், மகனோ மகளோ குடியிருக்கும் ஊர்.

பார்ப்பதற்கு இது வெறும் உல்லாசப் பிரயாணம் போல் தோன்றும். உல்லாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கும் மேலாக அதில் ஒரு காரியம் இருக்கிறது. கண்டம் போல் பரந்த ஒரு தேசத்தில் மூலைக்கொருவராகச் சிதறிப்போன குடும்பத்தை, சில வருஷங்களுக்கு ஒரு முறையாவது, சாலை என்னும் நூலில் கோத்துப் பார்க்கும் முயற்சி அது. அந்த நூல் அறாமல் இருப்பதில் உறவினர் வீட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு கூடாரத்துக்கும் உண்டு. எப்படி என்பதைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

மனைவியில்லாமல் ஒருவர், கணவனில்லாமல் ஒருத்தி

அமெரிக்காவை மோட்டாரில் முதன் முதலாகக் குறுக்கே கடந்தவர் ஹொரேஷியோ நெல்ஸன் ஜாக்ஸன் என்ற டாக்டர். 1903-ஆம் ஆண்டில் அவர் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கிளப் ஒன்றில் இருந்தபோது, மோட்டாரில் நியூயார்க் போய்ச் சேர முடியுமா என்ற விவாதம் எழுந்தது. தொண்ணூறு நாளைக்குள் போய்க் காட்டுவதாக அவர் ஐம்பது டாலர் பந்தயம் கட்டினார். குரோக்கர் என்ற இயந்திரத் தொழிலாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஒரு நாயும் வந்து சேர்ந்தது. புழுதிக்காக அந்த நாய்க்கும் கண்ணாடி மாட்டி விட்டார்கள். அறுபத்து மூன்று நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். பந்தயத் தொகை ஐம்பது டாலர். செலவான தொகை சுமார் 8,000 டாலர்! அவருடைய மனைவி பெர்த்தா அம்மாள் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? சமர்த்தாக ரயிலேறி ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு கதை தலைகீழாயிற்று. 1909-ஆம் ஆண்டில், நியூஜெர்ஸி ராஜ்யத்தைச் சேர்ந்த ஆலிஸ் ராம்ஸே என்ற இருபத்திரண்டு வயதுக் குடும்பப் பெண், நியூயார்க்கிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குத் தானே வண்டியை ஓட்டிச் சென்றாள். கணவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். கூடப் போனவர்கள் அவளுடைய நாத்தனார்மார் இருவரும் ஒரு சிநேகிதியும். நால்வரில் வண்டியோட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். 3,800 மைலை ஐம்பத்தொன்பது நாளில் கடந்தாள். இரண்டு நாத்தனார்மாருடன் ஐம்பத்தொன்பது நாள் பிரயாணம் செய்து சண்டையில்லாமல் திரும்பினாள் என்பதற்காகவே அவளுக்கு ஒரு சிலை வைக்கலாம் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்லக்கூடும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போகும் காலம் அதற்கு அடுத்தாற்போல் வந்தது. 1913-ஆம் ஆண்டில், நியூயார்க்கையும் ஸான்பிரான்ஸிஸ்கோவையும் இணைக்கும் 'லிங்கன் பெருஞ்சாலை' பிரகடனம் செய்யப்பட்டது. மறு வருஷமே எஃபி கிளாடிங் என்ற மாது தம் கணவருடன் மேற்கிலிருந்து கிழக்கே பிரயாணம் செய்து, 1915-இல் அதை ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் பெருஞ்சாலை என்பது பல இடங்களில் பெயரளவில்தான். ஒரு மழை பெய்தால் போதும். அயோவா ராஜ்யத்தின் கரிய மண் சக்கரங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

1919-இல் வாஷிங்டனிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு ஓர் இராணுவ மோட்டார் அணி புறப்பட்டது. போய்ச் சேர அறுபத்திரண்டு நாள் பிடித்தது. அதில் போன இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐஸன்ஹோவர். அந்தச் சேற்றையும் புழுதியையும் அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் ஜனாதிபதியாகி, 1956-இல் 41,000 மைல் நீளமுள்ள நெடுஞ்சாலைகளை அமைப்பதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்று தம்பதிகள் பிரயாணம் செய்வது அந்தச் சாலைகளில்தான்.

கூடாரத்தின் பூர்வோத்தரம்

மோட்டாருக்கும் கூடாரத்துக்கும் உறவு ஏற்பட்ட கதையும் சுவையானது. மோட்டார் அதிபர் ஹென்றி போர்டு, விஞ்ஞானி எடிஸன், டயர் அதிபர் பயர்ஸ்டோன், இயற்கை நூலாசிரியர் ஜான் பரோஸ் ஆகிய நால்வரும் தங்களை 'நாடோடிகள்' என்று அழைத்துக்கொண்டு, சென்ற நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் கோடைதோறும் காட்டில் முகாம் அடித்தார்கள். 1921-இல் ஜனாதிபதி ஹார்டிங்கே அவர்கள் முகாமுக்கு வந்து தங்கினார். நாடோடிகள் என்று பெயரே தவிர, சமையற்காரன், சாப்பாட்டு மேஜை எல்லாம் லாரியில் பின்தொடர்ந்தன. இருந்தாலும் பத்திரிகைகளில் அவர்களுடைய படங்களைப் பார்த்த சாமான்ய ஜனங்களுக்கு, நாமும் போனால் என்ன என்று தோன்றிவிட்டது.

போனார்கள். 1919-இல் பிளாரிடா ராஜ்யத்துத் தாம்பா நகரில் முகாமிட்டிருந்த மோட்டார் பிரயாணிகள் 'தகர டப்பா யாத்ரீகர்கள்' என்று ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். தகர டப்பாவில் அடைத்த உணவைத் தின்று காலம் தள்ளியவர்கள் ஆதலால் அந்தப் பெயர். ஊர்தோறும் நகரசபைகள் பிரயாணிகளுக்காக முகாம் மைதானங்களை ஒதுக்கின. பிறகு மைதானத்தில் குடில்கள் எழும்பின. 1925-இல் கலிபோர்னியாவில் 'மோட்டெல்' என்ற பெயருடன் முதல் விடுதி திறக்கப்பட்டது. மோட்டார், ஹோட்டல் என்ற இரு வார்த்தைகளையும் பிணைத்து உண்டாக்கிய சொல் அது.

கூடாரத்துக்கு ஒரு துயரமான முகமும் உண்டு. 1930-க்குப் பின் வந்த பஞ்ச வருஷங்களில், மத்திய சமவெளியின் நிலங்கள் மழையின்றிப் புழுதியாகப் பறந்தன. கடனில் நிலத்தை இழந்த குடும்பங்கள், சட்டி பானைகளைப் பழைய மோட்டாரில் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிப் போயின. அவர்களும் சாலையோரத்தில் கூடாரம் அடித்துத்தான் தங்கினார்கள். கூடாரம் ஒன்றே, ஆனால் திரும்பிப் போக ஒரு வீடு இருப்பவனுக்கு அது சந்தோஷம், இல்லாதவனுக்கு அது கஷ்டம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சாலையில் சில நாட்கள்

குறுக்கே போகும் சாலைகள் பல. அவற்றில் 80-ஆம் எண் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்குக்கு எதிர்க்கரையிலுள்ள நியூஜெர்ஸியில் ஆரம்பித்து, பதினொரு ராஜ்யங்களைக் கடந்து, சுமார் 2,900 மைல் ஓடி ஸான்பிரான்ஸிஸ்கோவில் முடிகிறது. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகும் சாலையை விட இது நீளம்.

இந்தச் சாலைகளுக்கு எண்ணிட்டதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கிழக்கு மேற்காகப் போகும் பெருஞ்சாலைகளுக்கு இரட்டைப்படை எண். வடக்கு தெற்காகப் போகிறவற்றுக்கு ஒற்றைப்படை எண். ஒவ்வொரு ராஜ்யத்திலும் மைல் கணக்கு மேற்கு எல்லையிலிருந்து தொடங்குகிறது. ஆகவே மேற்கே போகும் தம்பதிக்கு மைல் எண்கள் குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்துக்கு வந்தால், ஒரு ராஜ்யம் முடிந்தது என்று அர்த்தம்.

கடிகாரத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. கடற்கரைக்குக் கடற்கரை போவதற்குள் மூன்று முறை கடிகாரத்தை ஒவ்வொரு மணி பின்னுக்குத் தள்ள வேண்டும். நெப்ராஸ்கா ராஜ்யத்தின் நடுவே இந்த எல்லைக்கோடு ஒன்று போகிறது. அத்தை ஏழு மணிக்கு விருந்து வைத்திருப்பதாகச் சொன்னால், எந்த ஏழு மணி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

பென்ஸில்வேனியாவின் பச்சை மலைகளைத் தாண்டினால், ஒஹையோவிலிருந்து வயல்கள் தொடங்குகின்றன. மிஸ்ஸிஸிப்பி நதியைக் கடந்து அயோவாவுக்குள் நுழைந்ததும், இரு மருங்கிலும் அடிவானம் வரை மக்காச் சோளமும் சோயா மொச்சையுமாகவே இருக்கும். நெப்ராஸ்காவில் சாலை பிளாட் நதியை ஒட்டிப் போகிறது. சுமார் நூற்றெண்பது வருஷங்களுக்கு முன்னால் மாட்டு வண்டிகளில் மேற்கே குடியேறப் போனவர்களும் இதே நதிக்கரையைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பல மாதங்கள். இன்றைய மோட்டாருக்கு ஒரு நாள்.

வயோமிங் ராஜ்யத்தில் சாலை 8,640 அடி உயரத்துக்கு ஏறுகிறது. இந்தச் சாலையின் உச்சி அதுதான். உதகமண்டலத்தை விட உயரம். கோடையிலும் இரவில் குளிர் உறைக்கும். அப்பால் யூட்டா ராஜ்யத்தின் உப்பு வெளி, வெயிலில் பால் கொட்டினாற்போல் கண்ணைக் கூசுகிறது. அதற்கும் அப்பால் நெவாடா ராஜ்யத்தின் வறண்ட பள்ளத்தாக்குகள். அங்கே ஓடும் ஹம்போல்ட் நதி கடலைக் காணாமலேயே மணலில் மறைந்து போகிறது. கடைசியாக ஸியெரா நெவாடா மலைத்தொடரில் டானர் கணவாய். 1846-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், குழந்தை குட்டிகளுடன் வந்த ஒரு குடியேற்றக் கூட்டம் இங்கே பனியில் சிக்கி, ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டார்கள். இன்று அதே கணவாயை மோட்டார் சில நிமிஷத்தில் தாண்டிவிடுகிறது.

முகாமின் நியதிகள்

கூடாரம் என்றால் இஷ்டப்படி எங்கும் அடித்துவிடலாம் என்று நினைக்கலாகாது. தேசியப் பூங்காக்களிலும் ராஜ்யப் பூங்காக்களிலும் முகாமுக்கென்று எண்ணிட்ட இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் பொதுவாக ஒரு மேஜையும், தீ மூட்ட ஓர் இரும்பு வளையமும் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சந்தடி கூடாது. மத்திய சர்க்காரின் காட்டு இலாகாவுக்குச் சொந்தமான நிலங்கள் பலவற்றில் வாடகையின்றியும் தங்கலாம். ஆனால் அங்கே தண்ணீரும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கொண்டு போன குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும்.

கரடிகள் உள்ள காடுகளில் இன்னொரு நியதி உண்டு. சாப்பாட்டுச் சாமான்களை இரும்புப் பெட்டியில் வைத்துத் தாழிட வேண்டும். சோப்பும் பற்பசையும் கூட அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். கரடியின் மூக்குக்கு எல்லாம் ஒன்றே. மோட்டாரில் வைத்துப் பூட்டினால் போதாதா என்றால், கலிபோர்னியா மலைகளிலுள்ள கரடிகள் மோட்டார்க் கதவைப் பிய்த்தெறிவதில் கைதேர்ந்தவை.

விறகைப் பற்றிய நியதி சற்று ஆச்சரியமானது. ஒரு ஊரில் வாங்கிய விறகை இன்னொரு ஊருக்குக் கொண்டு போகலாகாது. ஆசியாவிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த ஒரு பச்சை வண்டு, 2002-இல் டெட்ராய்ட் நகரத்தருகே கண்டுபிடிக்கப்பட்டது. அது மரப் பட்டைக்கடியில் துளைத்து, 'ஆஷ்' என்னும் சாதி மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. வண்டு தானாகப் பறக்கும் தூரம் அற்பம். பிரயாணிகளின் விறகில் ஒளிந்துகொண்டுதான் அது நெடுந்தூரம் சென்றது. ஆகவே, எரிக்கும் இடத்திலேயே விறகை வாங்குக என்பது இன்று முகாமின் முதல் தர்மம்.

இப்படிப்பட்ட காரியங்களில் தம்பதிகளுக்குள் வேலைப் பிரிவினை தானாக ஏற்பட்டுவிடும். ஒருவர் வண்டியோட்டினால் மற்றவர் வழி பார்க்கிறார். ஒருவர் கூடாரத்து முளையடித்தால் மற்றவர் அடுப்பு மூட்டுகிறார். காற்றடிக்கும் மாலையில் இருவரும் சேர்ந்தாலன்றிக் கூடாரம் நிற்காது. மழை வந்தாலோ, யார் எதை மறந்தார்கள் என்ற விசாரணைக்கு அவகாசமே இல்லை. வீட்டில் பல வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பேசாத விஷயங்கள், துணிக்கூரையின் கீழ் பேசப்படுவது உண்டு.

உறவினர் வீட்டு வாசல்

இனி, உறவினர் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்கு மேல் கலாசாலைக்கென்றும் உத்தியோகத்துக்கென்றும் வெகு தூரம் போய்விடுவது வழக்கம். வயதான பெற்றோரில் பலர் குளிருக்கு அஞ்சிப் பிளாரிடா, அரிஸோனா போன்ற வெப்பப் பிரதேசங்களுக்குக் குடி போகிறார்கள். அண்ணன் ஒரு கடற்கரையில், தம்பி மற்றொரு கடற்கரையில், தாயார் நடுவில் எங்கோ. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆகாய விமானத்தில் வந்து இறங்கிப் போவதுடன் பல குடும்பங்களின் உறவு நின்றுவிடுகிறது.

விமானம் ஒரு வீட்டில் கொண்டு விடும்; மோட்டாரோ வழியிலுள்ள எல்லா வீடுகளையும் தொட்டுக்கொண்டு போகும். அங்கேதான் அதன் மகிமை இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் நாள் கணக்கில் தங்குவதென்றால் உறவு கசந்துவிடும். சிறிய வீடு, வேலைக்குப் போகும் மருமகள், பள்ளிக் குழந்தைகள்; இதற்கிடையில் விருந்தாளிகள் வந்து ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டால், முகம் மலர்ந்தாலும் மனம் வாடும். கூடாரம் வைத்திருக்கும் விருந்தாளிக்கோ போக்கிடம் இருக்கிறது. முதல் நாள் வருகிறார்கள். அழுக்குத் துணிகளைத் துவைத்து, வெந்நீரில் ஸ்நானம் செய்கிறார்கள். வழியில் வாங்கிய அயோவாச் சோளக் கதிரையோ பழக்கூடையையோ கொடுக்கிறார்கள். இரண்டாம் நாள் பழைய படங்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில், இன்னும் ஒரு நாள் இருங்களேன் என்று வீட்டுக்காரர்கள் மெய்யாகவே சொல்லும்போது, புறப்பட்டுவிடுகிறார்கள்.

பழைய படங்களைப் புரட்டுவது அற்ப விஷயம் அல்ல. எண்பது வயதைக் கடந்த அத்தைக்குத்தான், படத்தில் மூன்றாவதாக நிற்கும் குழந்தை யார் என்பது தெரியும். அவர் போய்விட்டால் அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. இதைத் தம்பதிகள் வெளியில் சொல்வதில்லை. ஆனால் இந்தக் கோடையில் போகாவிட்டால் அடுத்த கோடையில் யார் இருப்பார்களோ என்ற எண்ணந்தான், மூவாயிரம் மைல் அவர்களை ஓட்டிக்கொண்டு போகிறது.

வழி மறுக்கப்பட்டவர்கள்

சாலையின் பெருமையைச் சொல்லும்போது அதன் சிறுமையையும் சொல்லாமல் விடலாகாது. வெகு காலம் வரையில் இந்தச் சாலைகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி, கையில் பணம் இருந்தாலும், இரவு தங்க ஹோட்டலில் இடம் கேட்டால் கிடைக்காது. பெட்ரோல் விற்பவன் கழிப்பறைச் சாவியைத் தரமாட்டான். இருட்டிய பிறகு கறுப்பர் எவரும் இருக்கலாகாது என்று விரட்டிய ஊர்கள் கூட உண்டு.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர், 1936-இல் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார். கறுப்பு இனத்தாரை மரியாதையாக ஏற்கும் விடுதிகள், உணவுச்சாலைகள், பெட்ரோல் கடைகள் ஆகியவற்றின் ஜாபிதா அது. ஹோட்டலே கிடைக்காத ஊர்களில், பிரயாணிகளுக்கு இடமளிக்க முன்வந்த குடும்பத்தாரின் வீட்டு விலாசங்கள் அதில் இருந்தன. 'கிரீன்' என்றால் பச்சை. ஆதலால் அது 'பச்சைப் புத்தகம்' என்றே பெயர் பெற்றது. சுமார் முப்பது வருஷ காலம் அது கறுப்புக் குடும்பங்களுக்கு வழித்துணையாக விளங்கியது.

காட்டிலும் இதே கதிதான். வர்ஜீனியா ராஜ்யத்து ஷெனான்டோவா தேசியப் பூங்காவில், 1939-இல் லூயிஸ் மலை என்ற இடத்தைக் கறுப்பு இனத்தாருக்கென்று தனி முகாமாகத் திறந்தார்கள். மரமும் மலைக்காற்றும் யாரையும் வேறுபடுத்தவில்லை. மனிதன்தான் பலகை எழுதி வைத்தான். 1950-ஐ ஒட்டித்தான் அந்தப் பூங்காவில் பேதம் முற்றிலும் ஒழிந்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே தேசம் முழுவதும் ஹோட்டல்களும் உணவுச்சாலைகளும் எல்லோருக்கும் சட்டப்படி திறந்தன.

அந்த நாட்களில் கறுப்புத் தம்பதிகளும் கோடையில் நெடும்பயணம் போனார்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, போர்வைகளை வண்டியில் போட்டுக்கொண்டு, ஓர் உறவினர் வீட்டிலிருந்து மற்றோர் உறவினர் வீட்டுக்கு ஒரே மூச்சில் ஓட்டினார்கள். மற்றவர்களுக்கு உறவினர் வீடு அன்பின் அடையாளம்; அவர்களுக்கோ அதுவே பாதுகாப்பு. சாலை போடுவதற்கு ஒரு சட்டம் போதும். அந்தச் சாலையில் பயமின்றிப் போகும் சுதந்திரத்துக்கு இன்னொரு சட்டமும், அதற்காகப் பல்லாயிரம் பேர் செய்த போராட்டமும் தேவையாக இருந்தன. அந்நிய ஆட்சியில் ரயில் வண்டியிலும் ஓட்டலிலும் பேதம் கண்ட நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கும் ஒரு வார்த்தை

80-ஆம் எண் சாலையின் கிழக்கு முனையான நியூஜெர்ஸியிலும், மேற்கு முனையான ஸான்பிரான்ஸிஸ்கோ வட்டாரத்திலும் இன்று தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வசிக்கின்றன. அக்கா ஒரு முனையில், தம்பி மறு முனையில் என்று இருக்கும் வீடுகள் நம்மிலேயே உண்டு. தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, போதாதா என்று கேட்கலாம். பேசுவது நல்லதுதான். ஆனால் தொலைபேசியில் பேசும் அத்தை, நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லுவாள். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாள் பேசும் அத்தைதான், நாம் கேட்கத் தெரியாத விஷயங்களையும் சொல்லுவாள்.

ஆகையால், அங்கே இருப்பவர்கள் அடுத்த கோடையில் விடுமுறை கிடைத்தால், வண்டியில் ஒரு கூடாரத்தைப் போட்டுக்கொண்டு புறப்படலாம். இங்கே இருப்பவர்களுக்கும் தூரத்து ஊரில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இல்லாமல் போகமாட்டார்கள். கூடாரம் இல்லாவிட்டால் சத்திரம் இருக்கிறது. மூன்று நாளைக்கு மேல் தங்க வேண்டாம். ஆனால் போகாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்.